காகிதப்பூவுக்கு ஊற்ற வேண்டாம்

பிப்ரவரியின் பத்தொன்பதாவது வறண்ட இரவு.
பதினோரு மணிக்கு
புதுநீர் நிரப்பிக்கொண்டு
ஈசூனிலிருந்து கிளம்புகிறது எங்கள் லாரி.
ரஸ்லான் ஓட்டுவான். குழாய் என் கையில்.

கண்ணாடியில் ஒட்டிய தாளில் ஆணை:
புதிதாய் நட்ட கன்றுகளுக்குத் தலைக்கு ஐம்பது லிட்டர்.
பெரிய மரங்களுக்கு இல்லை.
புல்லுக்கு இல்லை.
மேம்பாலத்துக் காகிதப்பூவுக்கு
மொட்டு வைக்கும்வரை ஊற்ற வேண்டாம்.

கடைசி வரிக்குக் கீழே
இரண்டு கோடு போட்டிருந்தார் திருவாட்டி சியோக் லெங்.

புல்லைப் பார்த்தால் செத்துவிட்டது என்பீர்கள்.
கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து
ஒரு பிடி விலக்கிப் பார்த்தேன்.
மேலே வைக்கோல்.
மண்ணோடு ஒட்டிய கணுவில் கடுகளவு பச்சை,
வீடு முழுக்க விளக்கணைத்துவிட்டு
சமையலறையில் மட்டும்
யாரோ விழித்திருப்பதுபோல.

பள்ளியில் படித்ததில் பாதி மறந்துவிட்டது.
மீதியை இந்த வேலை ஞாபகப்படுத்துகிறது:
வறட்சி முதலில் வேருக்குத்தான் தெரியும்.
இலை இன்னும் வெயிலோடு குலாவிக்கொண்டிருக்கும்,
வேர் அதற்குள் ஒரு சொல்லை மேலே அனுப்பிவிடும்.
தண்டேறிப் போகும் கசப்புச் சொல்.
அது வந்து சேர்ந்ததும்
இலையின் அடிப்புறத்து ஆயிரமாயிரம் வாய்கள்
உதட்டோடு உதடு ஒட்டிக்கொள்ளும்.
உள்ளிருக்கும் நீர் வெளியேறாது.
வெளியிலிருக்கும் காற்றும் நுழையாது.
காற்றில்லாமல் உலை ஏறாது.
தாகத்துக்குத் தப்பிக்க
அரைப்பட்டினிக்கு ஒத்துக்கொள்கிறது மரம்.

ரஸ்லானிடம் இதைச் சொன்னேன்.
அடுத்த வாரம் அவனுக்கு நோன்பு தொடக்கம்.
"எங்களுக்குப் பகலில் இரண்டுமே கிடையாது,
உன் மரத்துக்கு ஏகப்பட்ட சலுகை" என்று
கியரை மாற்றினான்.

இரண்டரை மணிக்கு
ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி
கோப்பி குடித்தோம்.
இலையெல்லாம் மடித்து அது பேருக்கேற்றபடி தூங்க,
கிளைமேல் ஊர்ந்த சின்னப் பெரணி மட்டும்
வேலையிலிருந்தது.
பத்துக்காசு அகலத் தடித்த இலைகள்.
மண் கிடையாது, மரப்பட்டைதான் நிலம்.
பகலில் அது வாய் திறப்பதேயில்லை.
ஊர் அடங்கிய பிறகு திறந்து
காற்றை இழுத்துப் புளிப்பாக்கிப் பத்திரப்படுத்தும்.
விடிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு
உள்ளேயே சமைத்துக்கொள்ளும்.
அதிகாலையில் மென்றால் புளிக்கும் என்று
எங்கோ கேள்விப்பட்டிருந்தேன்.
வேலை முடிந்து திரும்பும் வழியில்
தாழ்ந்த கிளையில் ஒன்றைக் கிள்ளி மென்றேன்.
புளித்தது.
இன்னோர் இரவுப் பணியாளின்
சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டதுபோல்
கூச்சமாக இருந்தது.

ஆறே முக்காலுக்கு மேம்பாலம்.
தொட்டி தொட்டியாகக் காகிதப்பூ,
கண்ணைக் குத்தும் ஊதாச் சிவப்பு.
இலைகள் சுருண்டு, மண் பிளந்து,
அதற்கு மேலே இவ்வளவு நிறம்.
அலுவலக அட்டை தொங்கும் பெண்ணொருத்தி
நின்று படமெடுத்தாள்.
"எவ்வளவு சந்தோஷமா பூத்திருக்கு இல்ல?"
என்னைத்தான் கேட்டாள். என் பூட்ஸில் சேறு.
நீர் நின்றதால் பூத்தது என்றோ,
ஒருவேளை பிழைக்கமாட்டோம் என்று பயந்த செடி
விதைக்கு அவசரப்படுகிறது என்றோ
அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது?
"ஆமாம்மா" என்றேன்.
என் புட்டியில் இரண்டு மடக்கு மிச்சமிருந்தது.
செடிக்கு ஊற்றவில்லை.
எனக்கும் தாகம்.

இருபத்து நான்காம் நாள்
திரைச்சீலை மூடி நான் தூங்கிய மதியத்தில்
மழை வந்தது.
அதற்குப் பின்னாலேயே குறுஞ்செய்தி:
இன்றிரவு லாரி இல்லை.
மிகைநேரச் சம்பளமும் இல்லை, அதை அவர்கள் எழுதவில்லை.
எழுந்து சன்னலைத் திறந்தேன்.
ஒன்பதாவது மாடி வரைக்கும் மண்வாசம்.
கணக்குப் போட்டுக்கொண்டே
நனைந்தேன்.

மூன்று வாரம் கழித்து மேம்பாலத்தில்
நிறமெல்லாம் சாக்கடை ஓரம் ஒதுங்கிக் கிடந்தது.
செடிகள் முள்ளும் கொழுந்துமாய்
கம்பிக்கு வெளியே கை நீட்டியிருந்தன,
வெறும் பச்சையாக.
ஒருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை.
நான் கொஞ்சநேரம் நின்றேன்.
பேருந்து ஒன்றை விட்டுவிட்டேன்.